தலை யாருடையது? மொழி ஆவணத் தளங்களும் 'ஹெட்லெஸ்' மோகமும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல், நாட்டாரியல், மானிடவியல் துறைகள் எழுதும் ஆவணத் திட்ட முன்வரைவுகளில் இப்போது ஒரு சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது: 'ஹெட்லெஸ்'. அகராதித் தளமாயினும், வாய்மொழி வழக்காற்றுக் காப்பகமாயினும், அழிநிலையிலுள்ள மொழியொன்றின் ஒலிப்பதிவுத் தொகுப்பாயினும், அது 'தலையற்ற' உள்ளடக்க மேலாண்மை அமைப்பின் மீதே எழுப்பப்படும் என்று முன்வரைவு உறுதி கூறுகிறது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஒமேகா ஆகியவை 'மரபுவழி அமைப்புகள்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்படுகின்றன. இத்தேர்வு பெரும்பாலான துறைகளுக்குப் பொருந்தாதது மட்டுமன்று. எந்த மொழியைக் காப்பதற்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அந்த மொழிக்கே கேடு செய்வது.

முதலில் வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். மரபுவழி அமைப்பில் தரவைச் சேமிக்கும் இடம், பதிப்பாசிரியர் பணிசெய்யும் இடம், வாசகர் காணும் பக்கம் ஆகிய மூன்றும் ஒரே மென்பொருளுக்குள் அமைந்துள்ளன. தலையற்ற அமைப்பில் முதல் இரண்டும் மட்டுமே உண்டு. வாசகர் காணும் முகப்பு, அதாவது 'தலை', தனி நிரலாக எழுதப்பட வேண்டும். அது ஏ.பி.ஐ. எனப்படும் இடைமுகத்தின் வழியாகத் தரவைக் கேட்டுப் பெற்றுப் பக்கமாக்கிக் காட்டும். ஸ்ட்ராப்பி போன்ற கட்டற்ற மென்பொருள்களும், கன்டென்ட்ஃபுல் போன்ற சந்தாச் சேவைகளும் இவ்வகையின.

'மரபுவழி' என்னும் அடைமொழியே மொழியியலாளரின் கவனத்துக்கு உரியது. கைப்பேசி வரும்வரை யாரும் 'தரைவழித் தொலைபேசி' என்று சொன்னதில்லை. தொலைபேசி என்றாலே அதுதான். அதுபோலவே, தலையற்ற அமைப்பு சந்தைக்கு வரும்வரை வேர்ட்பிரசை எவரும் 'மரபுவழி' என்று அழைத்ததில்லை. புதியதன் வரவால் பழையதன் மீது ஏற்றப்பட்ட பெயர் இது. அப்பெயரோடு 'காலாவதியானது' என்ற உட்பொருளும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. சொற்பொருள் மாற்றத்தைப் பாடமாகக் கற்பிக்கும் துறைகளே இந்த உட்பொருளை ஆராயாமல் ஏற்றுத் தம் முன்வரைவுகளில் எழுதுவது வியப்புக்குரியது.

தலையற்ற அமைப்பு பொருளற்றது என்று எவரும் வாதிட முடியாது. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். 2009-இல் 'ஒருமுறை ஆக்கு, எங்கும் வெளியிடு' என்ற கொள்கையை விளக்கி முன்வைத்தது. ஒரே செய்தி அதன் இணையதளம், உறுப்பு நிலையங்களின் தளங்கள், கைப்பேசிச் செயலிகள் எனப் பல இடங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே தட்டச்சு செய்வது மடமை. எனவே உள்ளடக்கத்தைத் தோற்றத்திலிருந்து பிரித்தார்கள். ஆனால் அந்நிறுவனத்தில் நிரலாளர் குழு நிரந்தரமாக இருந்தது. வெளியீட்டு வாயில்கள் பல இருந்தன. நாள்தோறும் புதிய செய்தி வந்துகொண்டிருந்தது. நம் நாட்டின் மொழியியல் துறையொன்றுக்கு இம்மூன்றில் எது உண்டு? ஒரு தளம், சில ஆயிரம் சொற்பதிவுகள், மூன்றாண்டு நல்கை, ஒப்பந்த அடிப்படையில் ஒரு திட்ட உதவியாளர். இவ்வளவே.

இங்கேதான் வாதத்தின் மையம் இருக்கிறது. மரபுவழி அமைப்பின் முகப்பு உலகம் முழுவதும் பலரால் பகிரப்படுவது. அதில் ஒரு பிழையோ பாதுகாப்புக் குறையோ தென்பட்டால், எங்கோ ஒருவர் அதைச் சரிசெய்கிறார். திருத்தம் அனைவரையும் வந்தடைகிறது. 2013-இல் வெளிவந்த 3.7-ஆம் பதிப்பு முதல், வேர்ட்பிரஸ் தன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவிக்கொள்கிறது. திட்டம் முடிந்து அறை பூட்டப்பட்ட பின்னரும் அத்திருத்தம் வரும். தலையற்ற அமைப்பின் முகப்போ ஒரே ஒரு துறைக்காக ஒரே ஒருவர் எழுதியது. உலகில் வேறெவரிடமும் அது இல்லை. ஆகவே அதைத் திருத்தவும் வேறெவரும் இல்லை. எழுதியவர் வேறு வேலைக்குச் சென்ற நாளிலிருந்து அது அனாதை.

ராகுவும் கேதுவும் தலை வேறு உடல் வேறாக வெட்டப்பட்டும் வாழ்வது அமுதம் உண்டதனால். ஆய்வுத் திட்டத்துக்கு வாய்க்கும் அமுதம் நல்கைத் தொகை. அது மூன்றாண்டில் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் ஒரு வழங்கியிலும் தலை இன்னொரு வழங்கியிலும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டும். இரண்டில் எது நின்றாலும் வாசகருக்குக் கிடைப்பது வெற்றுப் பக்கமே.

இது கற்பனை அச்சமன்று. ஸ்ட்ராப்பியின் மூன்றாம் பதிப்பு மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தை ஏற்றது. 2021 இறுதியில் வந்த நான்காம் பதிப்பு அந்த ஆதரவைக் கைவிட்டது. மோங்கோடிபியில் தரவைச் சேர்த்திருந்தவர்கள் தரவுத்தளத்தையே மாற்றினாலொழிய மேலே செல்ல முடியாது. வேலைசெய்யும் நிரலாளர் உள்ள நிறுவனத்துக்கு இது சில வாரப் பணி. நல்கை முடிந்த துறைக்கு இதுவே முடிவுரை. இதற்கு எதிர்ப்புறத்தில் ட்ரூபலின் ஏழாம் பதிப்பை வைத்துப் பார்க்கலாம். 2011 சனவரியில் வெளியான அப்பதிப்புக்கான ஆதரவு 2025 சனவரி வரை, 14 ஆண்டுகள் நீடித்தது. அதிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவது எளிதாக இருக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் முன்னறிவிப்போடு கிடைத்த 14 ஆண்டு என்பது நான்கு நல்கைச் சுழற்சிகளுக்கு மேல்.

இந்திய நூலகர்களுக்கு மிகவும் பழகிய எடுத்துக்காட்டு டிஸ்பேஸ். எம்.ஐ.டி. நூலகங்களும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட இந்த மென்பொருளின் மீதுதான் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட்டின் சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம் அமைந்தது. பல பல்கலைக்கழகங்களின் நிறுவனக் களஞ்சியங்களும் அதிலேயே இயங்குகின்றன. ஆறாம் பதிப்பு வரை முகப்பு அதனுள்ளேயே இருந்தது. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு பழைய முகப்புகளை நீக்கிவிட்டு, ஆங்குலரில் எழுதப்பட்ட தனி முகப்பு ஒன்று ஏ.பி.ஐ. வழியாகப் பின்தளத்தோடு பேசும் முறைக்கு மாறியது. அதாவது, சாரத்தில் தலையையும் உடலையும் பிரித்தது. ஜாவா, டாம்கேட், தரவுத்தளம் ஆகியவற்றைப் பேணிவந்த நூலகர் இனி நோட் ஜேஎஸ் சூழலையும் சேர்த்துப் பேண வேண்டும். ஆறாம் பதிப்புக்கான ஆதரவு 2023-இல் முடிந்தது. டிஸ்பேசுக்குப் பன்னாட்டுச் சமூகம் ஒன்று உண்டு; முகப்பையும் பின்தளத்தையும் அதுவே எழுதிப் புதுப்பித்துத் தருகிறது. அப்படியிருந்தும் நூலகரின் சுமை கூடியது. அத்தகைய சமூகம் ஏதுமின்றித் தானே தனக்கொரு தலையைச் செய்துகொள்ளும் துறையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அடுத்த கேள்வி தொழில்நுட்பத்தைச் சார்ந்ததன்று, உரிமையைச் சார்ந்தது: அகராதியைத் திருத்துபவர் யார்? ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில் ஹோ மொழி பேசும் பள்ளி ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சொல்லின் பொருள் தவறாகப் பதிவாகியுள்ளதை அவர் காண்கிறார். மரபுவழித் தளமாயின், அவருக்குக் கடவுச்சொல் ஒன்று தந்தால் போதும். பதிவைத் திறந்து, திருத்தி, முன்னோட்டத்தில் வாசகர் காண்பது போலவே கண்டு, வெளியிடலாம். தலையற்ற தளத்தில் அவர் காண்பது புலப்பெயர்களும் பெட்டிகளும் மட்டுமே. முன்னோட்டம் வேண்டுமெனில் முகப்பை எழுதியவரே அதையும் தனியாக இணைத்துக் கொடுத்திருக்க வேண்டும். குறைந்த செலவில் கட்டப்படும் முகப்புகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான். விளைவு: திருத்தம் மின்னஞ்சலாகத் துறைக்கு வருகிறது, துறையிலிருந்து நிரலாளருக்குச் செல்கிறது, நிரலாளர் இல்லாதபோது அங்கேயே உறங்குகிறது. மொழிக்கு உரியவர் தகவலாளியாகவே நின்றுவிடுகிறார், பதிப்பாசிரியர் ஆவதில்லை. 'சமூகப் பங்கேற்பு' என்று முன்வரைவில் எழுதிவிட்டு, அதை நடைமுறையில் இயலாததாக்கும் கட்டமைப்பைத் தேர்ந்தெடுப்பது முரண்.

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவாகிய முக்குர்ட்டு என்ற அமைப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. எந்தப் பதிவை யார் காணலாம் என்பதை அச்சமூகத்தின் வழக்கப்படியே வரையறுக்க அது இடம் தருகிறது. அது கட்டப்பட்டிருப்பது ட்ரூபலின் மீது. காட்சியும் அனுமதியும் ஒரே இடத்தில் இருப்பதால், விதியை ஓரிடத்தில் எழுதினால் போதும். பிரிந்த அமைப்பில், பக்கத்தில் மறைக்கப்பட்ட பதிவை ஏ.பி.ஐ. கேட்பவர்க்கெல்லாம் வாரி வழங்கிக்கொண்டிருப்பது நிரலாளர் நன்கறிந்த பிழை. சடங்குப் பாடல்களையும் இறந்தோர் குரல்களையும் வைத்திருக்கும் காப்பகத்தில் அப்பிழை வெறும் தொழில்நுட்பக் குறையன்று. கொடுத்த வாக்கை மீறுவது.

இனி எதிர்வாதங்கள். அவற்றுள் வலுவானது தரவின் கட்டமைப்பு பற்றியது. வேர்ட்பிரசில் ஒரு பதிவு என்பது அடிப்படையில் தலைப்பும் ஒரு பெரும் உரைத்தொகுதியும்தான். தலைச்சொல், இலக்கண வகை, ஒலிப்பு, பொருள்கள், எடுத்துக்காட்டு, ஒலிக்கோப்பு எனக் கூறுகூறாக அமைய வேண்டிய அகராதிப் பதிவை ஒரே உரையாகக் கொட்டினால், நாளை அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. இக்குற்றச்சாட்டு நியாயமானது, அப்படிக் கொட்டப்பட்ட அகராதிகள் உண்டு. ஆனால் அதற்கு மருந்து தலையை வெட்டுவதன்று. ட்ரூபலில் புலம் புலமாக உள்ளடக்க வகைகளை நிரல் எழுதாமலே அமைக்கலாம். ஒமேகா எஸ் டப்ளின் கோர் போன்ற மீத்தரவுத் தரங்களை உள்ளிருந்தே ஆதரிக்கிறது. எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் வெபோனரி, களப்பணி மொழியியலாளர் பயன்படுத்தும் ஃபிளெக்ஸ் மென்பொருளிலிருந்து வரும் அகராதிகளை வேர்ட்பிரஸ் மீதே பதிப்பிக்கிறது. கட்டமைப்பு என்பது தலையற்ற அமைப்பின் தனிச்சொத்தன்று.

இரண்டாவது, பல வாயில்கள் பற்றிய வாதம். நாளை கைப்பேசிச் செயலி வேண்டும், பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வுக்குத் தரவு வேண்டும், அப்போது என்ன செய்வது என்பர். வேர்ட்பிரஸ் 2016 டிசம்பரில் வந்த 4.7-ஆம் பதிப்பிலேயே தன் உள்ளடக்கத்துக்கான ஏ.பி.ஐ.-யை மூலநிரலில் சேர்த்துவிட்டது. ட்ரூபல் 2019-இல் 8.7-ஆம் பதிப்பில் அதையே செய்தது. தலை உள்ள அமைப்பிலிருந்தும் தரவைக் கேட்டுப் பெறலாம். தேவை வரும் நாளில் இரண்டாம் முகப்பு கட்டலாம். அது நின்றுபோனாலும் முதல் முகப்பு இருக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வேர்ட்பிரஸ் தளங்கள் தாக்கப்படுகின்றன என்பது உண்மை. பெரும்பாலும் வழி திறப்பவை கணக்கின்றிச் சேர்க்கப்படும் செருகுநிரல்கள். அவற்றை ஐந்தாறுக்குள் கட்டுப்படுத்துவது துறையின் கையில் உள்ளது. தலையற்ற முகப்போ, பலவேளைகளில் நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைச் சார்ந்து நிற்கிறது. 2016 மார்ச்சில் வெறும் 11 வரிகள் கொண்ட 'லெஃப்ட்-பேட்' என்ற பொதி நீக்கப்பட்டபோது, உலகெங்கும் எத்தனையோ மென்பொருள்களின் கட்டுமானம் நின்றுபோனது. சார்புகள் அங்கும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

நான்காவது, நிலைத்த கோப்புகள். தலையற்ற அமைப்பிலிருந்து முழுத் தளத்தையும் எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களாக உருவாக்கி வைத்துவிட்டால் வழங்கிச் சுமையே இல்லையே என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நிறைவுற்ற தொகுப்புக்கு அதைவிட நீடிக்கும் வடிவம் வேறில்லை. இணையக் காப்பகங்களும் அத்தகைய பக்கங்களை முழுமையாகப் படியெடுக்கின்றன. உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் உரை தோன்றும் பக்கங்களை அவை பலவேளைகளில் வெறுமையாகவே படியெடுக்கின்றன. ஆனால் நிலைத்த பக்கங்களை வேர்ட்பிரசிலிருந்தும் உருவாக்கலாம். மேலும், ஒரு சொல்லைத் திருத்தினாலும் பக்கங்களை மீண்டும் உருவாக்கும் கருவி உயிரோடு இருக்க வேண்டும். ஒருகாலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த கேட்ஸ்பி என்ற கருவியின் நிறுவனத்தை 2023-இல் நெட்லிஃபை வாங்கியது. அதன்பின் அதன் வளர்ச்சி வேகம் தளர்ந்தது. நாகரிகம் மாறும் வேகத்தில் ஆவணம் மாற முடியாது.

எழுத்து பற்றிய செய்தியொன்று இவ்விவாதத்துக்கு இன்றியமையாதது. சந்தாலியும் ஹோவும் முண்டா குடும்பத்து உறவு மொழிகள். சந்தாலியின் ஒல் சிக்கி எழுத்து யூனிகோடின் அடிப்படைத் தளத்தில் இடம்பெற்றது. ஹோவின் வாரங் சித்தி 2014-இல் சேர்க்கப்பட்டபோது, சவரா மொழியின் சோரா சொம்பெங்கைப் போலவே, அதற்கு அப்பாலுள்ள தளத்தில் இடம்பெற்றது. அங்குள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு பைட்டு வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 'யூடிஎஃப்-8' என்ற பெயரில் தந்த வசதியோ மூன்று பைட்டு வரை மட்டுமே கொள்ளும். ஆகவே சந்தாலி பதிவாகும், ஹோ பதிவாகாது. இது மரபுவழி அமைப்புகளின் அடித்தளத்தில் இருந்த உண்மையான அநீதி. ஆனால் அது தீர்ந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 2015-இல் வந்த 4.2-ஆம் பதிப்பு, இடம்தரும் தரவுத்தளங்களில் அட்டவணைகளைத் தானே நான்கு பைட்டுக்கு மாற்றியது. உலகெங்கும் முகச்சித்திரங்களைத் தட்டச்சு செய்தவர்களுக்குத் தேவைப்பட்ட அதே மாற்றம், ஹோ மொழிக்கும் வழி திறந்தது. பொதுவான கருவியில் நின்றவர்களுக்குப் பொதுவான திருத்தம் கிடைத்தது. தனியே செய்த தலையில் எழுத்துரு காட்டாமல் போனாலோ, தேடல் இயங்காமல் போனாலோ, சிறு மொழிக்காக அதைத் திருத்த வருபவர் யார்?

தலையற்ற அமைப்பு பொருந்தும் இடங்களும் உண்டு. நிரந்தர நிரலாளர் பதவிகள் உள்ள தேசிய நிறுவனம், பல தளங்களுக்கும் செயலிகளுக்கும் ஒரே தரவை நாள்தோறும் வழங்க வேண்டிய அமைப்பு, பல களஞ்சியங்களை இணைத்துத் தேடும் பெருந்திட்டம் ஆகியவை அதைத் தேரலாம், தேரவும் வேண்டும். மறுக்கப்படுவது கருவியன்று. துறையின் ஆட்பலத்தையும் கருவியின் தேவையையும் ஒப்பிடாமல், முன்வரைவில் ஒளி வீசும் என்பதற்காகவே ஒன்றைத் தேரும் வழக்கமே மறுக்கப்படுகிறது.

பிரிவினை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. வேண்டிய பிரிவினை தலைக்கும் உடலுக்கும் இடையிலானதன்று. தரவுக்கும் மென்பொருளுக்கும் இடையிலானது. ஸ்டீவன் பேர்டும் கேரி சைமன்சும் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் 2003-இல் எழுதிய கட்டுரை, மொழி ஆவணங்கள் ஒரு மென்பொருளின் ஆயுளோடு கட்டுண்டு கிடக்கும் நிலையை விரிவாக அலசியது. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அப்பாடம் செயலுக்கு வரவில்லை. மூல அகராதி லிஃப்ட் அல்லது டி.இ.ஐ. போன்ற திறந்த வடிவக் கோப்பாகவும், ஒலிப்பதிவுகள் சுருக்கப்படாத வேவ் கோப்புகளாகவும், மீத்தரவு எளிய அட்டவணையாகவும் தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தளம் வெறும் சன்னல். சன்னல் உடைந்தாலும் வீடு நிற்க வேண்டும்.

எனவே நல்கைக் குழுக்களும் துறைத் தலைவர்களும் முன்வரைவை ஏற்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்பது கடமை.

1. நல்கை முடிந்த மறுமாதம் இத்தளத்தைப் பேணும் நிரந்தரப் பணியாளர் யார்? அவர் பதவியின் பெயர் என்ன?

2. முகப்பை எழுதியவர் விலகினால், அதே ஊரில் அதைப் புரிந்துகொள்ளும் இன்னொருவர் கிடைப்பாரா?

3. அம்மொழி பேசுபவர் ஒருவர், நிரலாளர் துணையின்றி ஒரு பதிவைத் திருத்தி, வெளியாகும் வடிவில் காண முடியுமா?

4. முழுத் தரவையும் திறந்த வடிவில் ஒரே நாளில் வெளியே எடுக்க முடியுமா? எடுத்துக் காட்டப்பட்டதா?

5. இரண்டாவது வெளியீட்டு வாயில் இன்று உண்மையில் இருக்கிறதா, அல்லது 'எதிர்காலத்தில்' என்ற சொல்லில் மட்டும் இருக்கிறதா?

இவற்றுள் முதல் மூன்றுக்கும் விடை இல்லையெனில், தலையற்ற அமைப்பைத் தேர்வது ஆய்வுநெறிக்கு மாறானது. அதை நிறுவும் பொறுப்பு அதைக் கோருபவருடையது. வேர்ட்பிரசோ ஒமேகாவோ போதும் என்பவர் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்தமானின் ஆகா-போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அத்தகைய மொழிக்கு மறுபதிவு என்பதே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன 19,569 பெயர்கள், ஆய்வுக்குப் பின் 1,369 தாய்மொழிகளாகவும், 10,000-க்கு மேற்பட்டோர் பேசும் 121 மொழிகளாகவும் தொகுக்கப்பட்டன. அப்பட்டியலில் இடம்பெறாத மொழியொன்றுக்குத் துறை கட்டும் தளமே சிலவேளை அதன் ஒரே பொதுமுகம். அம்முகத்தை ஒப்பந்த நிரலாளர் ஒருவரின் பணிக்காலத்தோடு கட்டிவைக்கும் உரிமை எந்தத் துறைக்கும் இல்லை.